லேப்டாப் மதர்போர்டில் எது நம்பர்? ஸ்கீமேட்டிக் (சர்க்யூட் படம்) தேடுகிறேன்

கேள்வி:
வணக்கம். ஐந்து வருடமாக ஓடிய லேப்டாப் திடீரென்று செத்துவிட்டது. சார்ஜர் செருகினால் லைட்கூட எரியவில்லை. சார்ஜர் முனையில் 19.5 வோல்ட் சரியாக வருகிறது. திறந்து பார்த்தால் போர்டில் 94வி-0 என்று இருக்கிறது. அதைப் போட்டுத் தேடினால் டிவி, வாஷிங் மெஷின் போர்டெல்லாம் வருகிறது. மாடல் பெயரில் தேடினால் மூன்று வெவ்வேறு ஸ்கீமேட்டிக். எது என்னுடையது?

பதில்:
எல்லாரும் முதலில் ஏமாறுகிற இடம் அது. 94வி-0 போர்டு நம்பரே அல்ல. தீப்பிடித்தால் 10 வினாடிக்குள் தானாக அணையும் என்கிற தரக்குறி. மாடல் பெயரையும் நம்பாதீர்கள், ஒரே மாடலில் பிராசஸருக்கு ஏற்ப போர்டு மாறும். போர்டைத் தயாரித்தவர் வைத்த நம்பர்தான் வேண்டும். எல்ஏ-யில் தொடங்கி பி-யில் முடிந்தால் காம்பல், டிஏ0 என்றால் குவாண்டா, 6050ஏ என்றால் இன்வென்டெக். பெரும்பாலும் ரேமுக்கு அடியிலோ ஃபேனுக்குக் கீழோ ஒளிந்திருக்கும். பக்கத்தில் உள்ள ரெவ் (போர்டின் திருத்தப் பதிப்பு) எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கேட்டவர்:
ரேமுக்கு அடியில்தான் இருந்தது அண்ணா! பிடிஎஃப் கிடைத்தது, ஆனால் அது ரெவ் 1.0, என்னுடையது 2.0. அப்புறம், படத்தில் ஒவ்வொரு பார்ட்டுக்கும் பிக்யூ, பிசி என்று பெயர் இருக்கிறது. போர்டில் எழுத்தே இல்லை.

பதில்:
பவர் பகுதி அநேகமாக ஒத்துப்போகும். பார்ட் மாற்றும்முன் மட்டும் போர்டில் இருப்பதோடு ஒப்பிடுங்கள். எழுத்து இல்லாவிட்டால் போர்டுவியூ ஃபைல் (போர்டில் எந்த பார்ட் எங்கே என்கிற வரைபடம்) தேடுங்கள். அதைத் திறக்கும் ஓப்பன்போர்டுவியூ சாஃப்ட்வேர் இலவசம்தான், பெயரைத் தட்டினால் இடத்தைக் காட்டும். சார்ஜர், பேட்டரி இரண்டையும் கழற்றிவிட்டு, சார்ஜர் ஜாக்கை அடுத்த மாஸ்ஃபெட்களுக்கு (சுவிட்ச் போல வேலை செய்யும் டிரான்சிஸ்டர்கள்) அப்பால் உள்ள மெயின் லைனில் கிரவுண்டுக்கு எத்தனை ஓம் என்று பாருங்கள்.

கேட்டவர்:
0.6 ஓம்.

பதில்:
ஷார்ட். வோல்டேஜ் மாற்றக்கூடிய பவர் சப்ளையில் 1 வோல்ட் வைத்து அந்த லைனில் கொடுங்கள், எது சுடுகிறதோ அதுதான் குற்றவாளி. ஐபிஏ (ஐசோபுரொபைல் ஆல்கஹால்) தடவினால் அந்த இடம் முதலில் காயும். அவசரப்பட்டு வோல்டேஜை ஏற்றாதீர்கள். ஷார்ட் ஆனது பிராசஸர் பக்கத்து மாஸ்ஃபெட்டாக இருந்தால், கொடுப்பதெல்லாம் நேரே பிராசஸருக்குப் போகும். அப்புறம் ஸ்கீமேட்டிக் இருந்தும் பயனில்லை.

கேட்டவர்:
ஒரு 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், கடுகளவு. எடுத்ததும் ஷார்ட் போய்விட்டது. அதே 25 வோல்ட் ரகத்தைப் பழைய போர்டிலிருந்து எடுத்துப் போட்டேன். ஆனாலும் ஆன் ஆகவில்லை என்று அரை மணி நேரம் தலையைப் பிய்த்துக்கொண்டேன். கீபோர்டு ரிப்பனை மாட்டவில்லை. பவர் பட்டன் அதில்தான் இருக்கிறது. இப்போது அந்த லேப்டாப்பில்தான் தட்டுகிறேன்.