இசை வகுப்புக்குக் கருவி இருக்கிறது, நடத்தப் பணம் இல்லை: வழி சொல்லுங்கள்

அரசுப் பள்ளி ஒன்றின் பெற்றோர் குழுவில் இருக்கிறேன். வரும் கல்வியாண்டில் எங்கள் இசை வகுப்பு நின்றுவிடும் நிலை. உள்ளாட்சி தந்தது ஒருமுறை மானியம், அதுவும் மூலதனச் செலவுக்கு மட்டும். வயலின், மேளம் எல்லாம் வாங்கியாயிற்று. பயிற்றுநர் சம்பளம், தந்தி, வில்லுக்கு முடி, மேளத்துக்குத் தோல் எல்லாம் தொடர் செலவு என்பதால் அந்தக் கணக்கில் ஒரு காசு எடுக்க முடியாது.

வயலின்கள் பெரும்பாலும் 1/2 அளவு. பிள்ளைகள் வளர வளர 3/4, அப்புறம் முழு அளவு வேண்டும். அளவு பொருந்தாவிட்டால் கை வைக்கும் முறையே கோணலாகப் பழகிவிடும். இதை நிதிக்குழுவுக்குப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

முன்னாள் மாணவர்களைக் கேட்டோம். பெயர் பொறித்த கருவி தரத் தயார், மாதச் சம்பளம் என்றதும் பேச்சு நின்றுவிடுகிறது. நாடகம் போட்டுச் சீட்டு விற்றோம். வசூல் ஒலிபெருக்கி வாடகைக்கே போனது. பெற்றோரிடம் கட்டணம் வாங்கலாம்தான், ஆனால் வசதியில்லாத பிள்ளைகள்தான் முதலில் விலகுவார்கள். அதனால் வேண்டாம் என்று விட்டுவிட்டோம். உள்ளாட்சிக்கு மனுவும் கொடுத்தோம். இதற்குத் தனிச் செலவுத் தலைப்பு இல்லை என்று பதில் வந்தது. அடுத்த மாதம் அங்கே வரவு செலவுத் திட்ட வரைவு தயாராகிறது.

பள்ளிக் கலைப் பயிற்றுநரின் சம்பளத்தை உள்ளாட்சி நிதியில் ஆண்டுதோறும் வரும் செலவாகச் சேர்க்க வைத்தவர்கள் இங்கே இருந்தால், எந்தத் தலைப்பின் கீழ் கேட்டு வாங்கினீர்கள்?