புதுப்பிப்பு: நடைக்கம்பு வாங்கியாச்சு

இடது இடுப்பு மூட்டுத் தேய்மானத்துக்கு நடைக்கம்பு உதவுமா என்று முன்பு கேட்டிருந்தேன். மலையேறுபவர்கள் ஊன்றிச் செல்வது போன்ற ஜோடிக் கம்பு வாங்கிவிட்டேன். வலி போகவில்லை, ஆனால் நொண்டுவது நன்றாகவே குறைந்திருக்கிறது.

பிசியோதெரபிஸ்ட் முதலில் பார்த்தது உயரத்தை: கம்பை ஊன்றி நின்றால் முழங்கை கிட்டத்தட்ட 90 பாகை மடங்க வேண்டும். ஒற்றைக் கம்பு என்றால் வலிக்கும் பக்கத்துக்கு எதிர்க் கையில் பிடிக்கணும். அப்போதுதான் இடுப்புத் தசை அவ்வளவு இழுக்காது, மூட்டில் அழுத்தமும் குறையும்.

சிங்கப்பூரில் எங்கள் பக்கத்து பிடோக் நீர்த்தேக்க மண்பாதையில் ஜோராக நடக்கலாம். அடுக்குமாடி புளோக் கீழே சிமெண்டுத் தரைக்கு ரப்பர் முனை கட்டாயம். இல்லாவிட்டால் டக் டக்கென்று சத்தம், மழை ஈரத்தில் வழுக்கும் வேறு. காப்பிக்கடை அங்கிள், “மலையேறப் போறீங்களா?” என்று கேட்டுச் சிரிக்கிறார். இங்கே உயரமான புக்கித் தீமா குன்றே 160 மீட்டர் சொச்சம்தான்!

படிக்கட்டில் மட்டும் இரண்டு கம்பையும் ஒரு கையில் சேர்த்துக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்துத்தான் இறங்குகிறேன்.