நாட்ச்1: கூடினாலும் புற்று, குறைந்தாலும் புற்றா?

தறி_2:
எம்.எஸ்சி. இரண்டாம் வருடம், வாய்ப்புற்று பற்றி ப்ராஜெக்ட். நாட்ச்1 மரபணு ஓயாமல் வேலை செய்வதால்தான் பல நேரம் டி-செல் லுக்கேமியா (டி-செல் என்ற வெள்ளணுவில் வரும் ரத்தப்புற்று) வருகிறது என்று பாடத்தில் படித்தோம். இப்போது பார்த்தால், 2011இல் தலை, கழுத்து ஸ்குவாமஸ் (தட்டைச் செல்) புற்றுக்கட்டிகளின் டிஎன்ஏவை வரிசைப்படுத்திப் படித்தவர்கள், அங்கே அதே மரபணு பழுதாகிக் கிடக்கிறது என்கிறார்கள். எப்படி? கைடிடம் கேட்டால் ரிவ்யூ பேப்பர் படி என்பதோடு சரி.

ஸ்லைடு பெட்டி:
எந்தத் திசு என்று பாருங்கள் தம்பி, பாதிக் குழப்பம் தீரும். வாயின் உள்தோலில் செல் பிரிவதெல்லாம் அடி அடுக்கில்தான். மேலே கிளம்பிய செல் பிரிவதை நிறுத்தி, கெரட்டினை நிரப்பிக்கொண்டு, தட்டையாகி உதிர்ந்துவிடும். அப்படிக் கிளம்பச் சொல்லும் சிக்னல்களில் நாட்ச் ஒன்று. அது பழுதானால் செல் அடியிலேயே உட்கார்ந்து பிரிந்துகொண்டிருக்கும். இளம் டி-செல்லுக்கோ அதே சிக்னல் வளரச் சொல்கிறது.

பூனைவால்:
அதோடு முடித்தால் தப்பு. 2018இல் சாங்கர் என்ற பிரிட்டிஷ் மரபணு ஆய்வு நிறுவனத்தார் புற்றே இல்லாதவர்களின் உணவுக்குழாய்த் திசுவின் டிஎன்ஏவை வரிசைப்படுத்தினார்கள். நடுவயதுக்காரர்களிலும் முதியவர்களிலும் 12 முதல் 80 சதவீத செல்களில் நாட்ச்1 மியூட்டேஷன் (மரபணு மாற்றம்), புற்றைத் தடுக்கும் பி53 மரபணுவில் மியூட்டேஷன் 2 முதல் 37 சதவீதம். உணவுக்குழாய்ப் புற்றில் இருப்பதைவிட நல்ல திசுவில்தான் நாட்ச்1 பழுது பல மடங்கு அதிகம்! 2023இல் எலிகளில் பார்த்தபோது, நாட்ச்1 இழந்த செல்கள் பக்கத்துச் செல்களைத் தள்ளிவிட்டு இடத்தைப் பிடிக்கின்றன, ஆனால் கட்டியாக வளர்வதில் பின்தங்குகின்றன. வாயும் அப்படியே என்று சொல்ல மாட்டேன். ஆனால் மியூட்டேஷன் கிடைத்தவுடனே காரணம் கிடைத்துவிட்டது என்று எழுதிவிடாதீர்கள், நான் ஒருமுறை எழுதி வாங்கிக்கட்டிக்கொண்டேன்.

வெத்தலக்கொடி:
எனக்கு மரபணு தெரியாது. அப்பா முப்பது வருடம் பாக்கு போட்டார், புகையிலை தொட்டதே இல்லை, அதனால் ஒன்றும் வராது என்றே இருந்தோம். முதலில் காரம் பட்டால் எரிச்சல், அப்புறம் வாய் திறப்பது குறைந்துகொண்டே வந்தது. காட்டிய இடத்தில் வெறும் புண் என்று மருந்து தடவி அனுப்பினார்கள்.

ஸ்லைடு பெட்டி:
வெத்தலக்கொடி சொல்வது வாய் நாரிழைப்பு நோய் மாதிரி இருக்கிறது. பாக்கிலுள்ள அரிகோலின் கொலாஜனைக் கூட்டுகிறது, அதிலுள்ள தாமிரம் கொலாஜன் இழைகளைப் பிணைக்கும் நொதியைத் தூண்டுகிறது, உள்தோல் விறைத்துவிடுகிறது. சிலருக்கு அது புற்றாகிறது. புகையிலை இல்லாத வெறும் பாக்கே புற்று உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இலேயே வெளியிட்டது. இன்னும் காட்டவில்லையென்றால் உடனே பயாப்ஸி எடுக்கச் சொல்லுங்கள்.

தறி_2:
பூனைவால், இப்போது வேறு பயம். கட்டிக்குப் பக்கத்துத் திசுவை நார்மல் என்று வைத்து ஒப்பிடுவதாகத்தான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதிலும் அதே மியூட்டேஷன் இருந்தால், இரண்டிலும் பொதுவாக உள்ளதைக் கழிக்கும்போது அதுவும் காணாமல் போய்விடுமே?

பூனைவால்:
போகும். வாய்ப்புற்றைச் சுற்றியுள்ள திசுவும் மாறியிருக்கிறது என்று 1953லேயே எழுதிவிட்டார்கள். ஒப்பிட ரத்தம் எடுங்கள், பக்கத்துத் திசுவைத் தனி மாதிரியாக வையுங்கள். எதிக்ஸ் கமிட்டி விண்ணப்பத்தில் ரத்தத்தை இப்போதே சேர்த்துவிடுங்கள், பின்னால் சேர்ப்பது பெரும்பாடு.