கடலூரிலிருந்து கோடியக்கரை வரை கடலோரமாகக் காரில்: எத்தனை நாள், எந்த மாதம்?

கெடிலக்கரை (கடலூர்) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். பொங்கல் விடுமுறையில் மஞ்சக்குப்பத்திலிருந்து எங்கள் காரில் கடலோரமாகவே தெற்கே சென்று, கோடியக்கரைச் சரணாலயத்தில் வெளிமான்களையும் பூநாரைகளையும் பார்த்துவிட்டுத் திரும்ப எண்ணியுள்ளோம். நானும் கணவரும், 8 வயதிலும் 5 வயதிலும் இரு பிள்ளைகளும், 68 வயதான என் மாமியாரும் வருகிறோம். மாமியாருக்கு முழங்கால் வலி உண்டு. நெடுநேரம் நடக்க இயலாது. பிள்ளைகளோ தொலைக்காட்சியில் கண்ட ஜீப் சஃபாரியை மனத்தில் வைத்திருக்கிறார்கள். இரண்டு நாள் போதுமா, இரவு எங்கே தங்குவது, மான் கண்ணில் படுவதற்கு எந்த நேரம் ஏற்றது என்பதைச் சென்று வந்தவர்கள் தெரிவித்தால் மிகவும் நன்றியுடையவளாவேன்.

உப்பளத்தான் (வேதாரண்யம்) எழுதியது:

வணக்கம் அம்மா. முதலில் பிள்ளைகளிடம் ஒன்றைப் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். இது புலியைத் தேடிப் போகும் அடர்காடு அன்று. 1967இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இவ்விடத்தில் ஒரு புறம் உலர் பசுமைக்காடு, நடுவே புல்வெளி, மறுபுறம் சதுப்பும் கடலும் என மூன்றும் அடுத்தடுத்து அமைந்துள்ளன. வெளிமான் பெயருக்கேற்ப வெட்டவெளியில் வாழும் விலங்கு. ஆபத்தைக் கண்ணால் கண்டு ஓடித் தப்புவதே அதன் வழக்கம் என்பதால் புதருக்குள் ஒளிவதில்லை. ஆகவே வனத்துறையிடம் அனுமதிச் சீட்டு பெற்று உள்ளே சென்று, புல்வெளி தெரியும் இடத்தில் வண்டியை நிறுத்தி அமைதியாக அமர்ந்திருந்தாலே போதும். மாமியார் இறங்க வேண்டிய தேவை பெரும்பாலும் இராது. காலையில் முதல் இரண்டு மணி நேரமும், மாலை நான்கு மணிக்குப் பிறகும் மேய்ச்சலுக்கு வரும். முறுக்கிய கொம்பும் கருத்த முதுகும் கொண்டது கிடா. பெண் மானுக்குக் கொம்பில்லை, நிறமும் மங்கிய பழுப்பு. பிள்ளைகளுக்கு இதை முன்பே சொல்லி வைத்தால் அவர்களே கூட்டத்தைப் பிரித்துப் பார்ப்பார்கள். புள்ளிமான், குரங்கு, நரி, காட்டுப்பன்றி ஆகியவையும் உண்டு. அங்கே திரியும் குதிரைகள், மனிதர் வளர்த்துக் கைவிட்ட குதிரைகளின் வழியில் வந்தவை. மானுக்குரிய புல்லை அவையும் மேய்கின்றன. சீமைக்கருவேலம் புல்வெளிக்குள் பரவுவது அதைவிடப் பெரிய கேடு. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யத்தை ஒட்டிக் கரையைக் கடந்தபோது இந்தக் காட்டில் எத்தனையோ மரங்கள் சாய்ந்தன, மான்களும் மடிந்தன. அதன் பிறகு நான் காட்டுக்குள் போன முதல் நாளை இன்றும் மறக்க முடியவில்லை. ஆகையால் வருகிறவர்கள் ஒலிப்பானை அழுத்தாமலும், குரங்குகளுக்குத் தின்பண்டம் போடாமலும் இருந்தால் எங்கள் ஊராருக்கு அது பெரிய உதவியாகும்.

காலத்தைப் பொறுத்தவரை, வலசைப் பறவைகள் அக்டோபர் முதல் வரத் தொடங்கினாலும், நவம்பரிலும் டிசம்பரிலும் வடகிழக்குப் பருவமழை பயணத்தைக் கெடுத்துவிடக்கூடும். மழை ஓய்ந்து, பறவைகள் இன்னும் திரும்பாமல் இருக்கும் தை மாதமே சிறந்தது. பூநாரைகள் பெரும்பாலும் காட்டுக்குள் அல்லாமல் வேதாரண்யச் சதுப்பு நிலத்தின் ஆழமற்ற நீரில் மேய்கின்றன. நெடுந்தொலைவில் இளஞ்சிவப்புக் கோடு போலத்தான் தெரியும், இருநோக்கி (பைனாகுலர்) ஒன்று கட்டாயம் வேண்டும். தை அமாவாசையன்று மட்டும் வர வேண்டாம். வேதாரண்யத்திலும் கோடியக்கரையிலும் கடல் நீராடப் பெருங்கூட்டம் வரும்.

முத்தியால்பேட்டைவாசி (புதுச்சேரி) எழுதியது:

மேலே ஐயா சொன்னதோடு சாலையைப் பற்றிச் சிறிது சேர்க்கிறேன். கடலூருக்குத் தெற்கே நெடுஞ்சாலை சிதம்பரம், சீர்காழி வழியாக வயல்களுக்கு நடுவே செல்கிறது. கிழக்கே திரும்பினால்தான் கடல் கண்ணில் படும். எனவே எல்லா இடங்களிலும் திரும்பாமல் இரண்டைத் தேர்ந்துகொள்ளுங்கள். என் கருத்தில் அவை பிச்சாவரமும் தரங்கம்பாடியும். பிச்சாவரத்தில் காலையிலேயே துடுப்புப் படகில் செல்லுங்கள். விசைப்படகு நுழைய முடியாத குறுகிய கால்வாய்களுக்குள், சுரபுன்னை என்னும் அலையாத்தி மரத்தின் ஊன்றுவேர்களை உரசிக்கொண்டு அது போகும். படகில் ஏறும்போது மாமியாருக்கு இருவர் கைகொடுக்க வேண்டியிருக்கும். தரங்கம்பாடியில் 1620இல் டேனியர் கட்டிய கோட்டையின் எதிரே அலை மோதுகிறது. கடல் அரித்த மாசிலாமணிநாதர் கோயிலும் அருகிலேயே உள்ளது. அங்கே ஓர் இரவு தங்கினால் சூரிய உதயத்தை அறையிலிருந்து இரண்டு எட்டு வைத்துப் பார்த்துவிடலாம்.

கோடியக்கரை உங்கள் ஊரிலிருந்து ஏறத்தாழ 180 கிலோமீட்டர். ஒரே நாளில் ஓட்டிவிடக்கூடிய தொலைவுதான். ஆனால் அப்படிச் சென்றால் மாலை மேய்ச்சலைத் தவறவிட்டுவிடுவீர்கள். முதல் இரவு தரங்கம்பாடி, இரண்டாம் இரவு வேதாரண்யம், மூன்றாம் நாள் விடியலில் மீண்டும் காடு, பிறகு வீடு என வைத்துக்கொள்ளுங்கள். தை மாதம் சம்பா அறுவடைக்காலம் என்பதால் அறுவடை இயந்திரங்கள் சாலையில் மெல்ல ஊர்ந்து செல்லும், ஓரங்களில் நெல்லும் காயும். இருட்டிய பின் ஓட்டுவதைத் தவிர்க்கவும். பெட்ரோலைக் காரைக்காலில் நிரப்பிக்கொள்ளலாம், விலை குறைவு.

அலைவாய் (பரங்கிப்பேட்டை) எழுதியது:

ஜனவரி முதல் இந்தக் கரையில் பங்குனி ஆமைகள் இரவில் முட்டையிட வரும். கடற்கரையில் தங்கும் இரவில் பிள்ளைகளுடன் மணலில் நடந்தால் கைவிளக்கை அணைத்து வையுங்கள். வெளிச்சத்தைக் கண்டால் ஆமை முட்டையிடாமலே கடலுக்குத் திரும்பிவிடும்.

கெடிலக்கரை (கடலூர்) எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. காணும் பொங்கலன்று பிச்சாவரத்தில் நிற்க இடம் இருக்காது என்று கணவரும் சொன்னதால், அந்த வாரத்தை விட்டுவிட்டுக் குடியரசு நாளை ஒட்டி மூன்று நாள் செல்வதாக முடிவு செய்திருக்கிறோம். தை அமாவாசை எந்த நாளில் வருகிறது என்பதைப் பார்த்த பிறகே அறை பதிவு செய்வோம். மாமியார் வண்டியிலிருந்தே மானைப் பார்க்கலாம் என்றதும் பையில் முதலில் வைத்தது தம் மூக்குக் கண்ணாடியைத்தான். இருநோக்கியைத் தெரிந்தவர் ஒருவரிடம் இரவல் கேட்டிருக்கிறேன்.