சார்ஜர் செருகினால் மட்டும் அணையும் மடிக்கணினி

மூன்று வாரமாக என் மடிக்கணினி நாளுக்கு நான்கைந்து முறை நீலத்திரை காட்டி அணைந்துவிடுகிறது. 2021இல் வாங்கியது, விண்டோஸ் 11, 8 ஜிபி ராம். திரையில் பெரும்பாலும் ‘வீயா அன்கரெக்டபிள் எரர்’, அதாவது வன்பொருள் பிழை என்ற செய்தி. வினோதம் என்னவென்றால், பேட்டரியில் ஓடினால் தொல்லையே இல்லை. சார்ஜரைச் செருகி வீடியோ அழைப்பில் உட்கார்ந்தால் பத்து நிமிடம் தாங்குவதில்லை. மேலாளர் பேசும்போது மட்டும் அணைகிறதே என்று அலுவலகத்தில் கேலி வேறு.

விண்டோஸை அழித்து மீண்டும் நிறுவினேன். கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸைப் புதுப்பித்தேன். ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 இரவு முழுவதும் ஓடியும் பிழை காட்டவில்லை. பெங்களூரு அல்சூர் கடையில் விசிறியைத் துடைத்து, சிப்பின் வெப்பத்தைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட்டை மாற்றினார்கள். எஸ்.பி. ரோட்டில் ஒருவர் திறந்துகூடப் பார்க்காமல் மதர்போர்டு என்று சொல்லி 14,000 ரூபாய் கேட்கிறார். நம்ப மனம் வரவில்லை.

பணத்தைக் கொடுப்பதற்கு முன், கோளாறு சார்ஜரிலா மதர்போர்டிலா என்று வீட்டிலேயே கண்டுபிடிக்க வழி உண்டா?