தொண்டித் தோணி ⛵ (வாட்ஸ்அப் குழு)

தேவகோட்டை அண்ணன், காலை 6:42
எல்லாருக்கும் வணக்கம். நம்ம முன்னோர் மாதிரி பாய்மரத்துல இலங்கை போற பயணத்துக்குத் தூத்துக்குடியில தோணி வேலை கடைசிக் கட்டம். நீளம் 14 மீட்டர், அகலம் 4, பாரம் ஏத்தினா தண்ணிக்குள்ள 1.1 மீட்டர் இறங்கும். திட்டம் இதுதான்: பிப்ரவரி கடைசியில தொண்டியில பாய் விரிச்சு நாகப்பட்டினம், அங்கேயிருந்து இலங்கையில காங்கேசன்துறை. ஏதாவது மாத்தணும்னா இப்பவே சொல்லுங்க.

கண்டனூர் மாப்பிள்ளை, 6:50
தொண்டியில கிளம்புறதுதான் பொருத்தம்ண்ணே. நம்ம செட்டிநாட்டு ஆளுக இலங்கைக்குப் பெட்டி கட்டினது அந்தக் கரையில இருந்துதானே 👌

தண்டல் அண்ணாச்சி (தூத்துக்குடி, தோணி ஓட்டுறவர்), 7:15
அதுலதான் சிக்கல். தொண்டியில இருந்து கோடியக்கரை வடகிழக்கா சுமார் 60 கடல் மைல். பிப்ரவரியில காத்தும் அதே வடகிழக்கு. மூஞ்சிக்கு நேரா அடிக்கும்.
நம்ம பாய் காத்துக்கு 65 டிகிரிக்குக் கிட்ட ஏறாது. இடமும் வலமுமா மாத்தி மாத்தி வெட்டி ஓடினா 60 மைலு 140 மைலாயிரும், காத்து பக்கவாட்டுல தள்ளுற நழுவல் தனிக் கணக்கு. ஒவ்வொரு திருப்பத்துக்கும் பருமலை (பாய் கட்டுற குறுக்குக் கட்டை) பாய்மரத்துக்கு அந்தப் பக்கம் கொண்டுபோகணும், அஞ்சு ஆளு வேணும். ராத்திரியில அதைச் செய்யச் சொன்னா நான் வரலை.

கண்டனூர் மாப்பிள்ளை, 7:18
அப்ப அந்தக் காலத்துல எப்படிப் போனாங்க அண்ணாச்சி?

தொண்டி பாய், 7:24
காத்துக்குக் காத்திருந்து போனாங்க மாப்பிள்ளை. கிளம்புற தேதியைக் காத்துதான் சொல்லும், பத்திரிகை அடிச்சு வச்சு நாம சொல்ல முடியாது 😄

தண்டல் அண்ணாச்சி, 7:31
தொண்டி பாய் சொல்றதுதான் சரி. நான் சொல்லுதேன் கேளுங்க. வழியைத் திருப்பிப் போடுவோம். தூத்துக்குடியில இருந்து பாம்பன் வழியா நாகை வரைக்கும் என்ஜின்ல கொண்டு போயிருவோம். பாய்ப் பயணம் நாகையில ஆரம்பிக்கட்டும். நாகையில இருந்து காங்கேசன்துறை கிட்டத்தட்ட தெற்கு, 60 மைலுக்குள்ள. வடகிழக்குக் காத்து இடப்பக்கம் விலாவுல வரும். நம்ம பாய்க்கு அதைவிட நல்ல காத்து கிடையாது. 4 நாட் (மணிக்கு 4 கடல் மைல்) ஓடினாலே 15 மணி நேரம். சாயங்காலம் 4 மணிக்கு நங்கூரம் தூக்கினா காலையில வெளிச்சத்துல துறைக்குள்ள நுழையலாம். தெரியாத துறைக்குள்ள இருட்டுல போகவே கூடாது.

தேவகோட்டை அண்ணன், 7:40
திரும்பி வரும்போது?

தண்டல் அண்ணாச்சி, 7:46
வடகிழக்கு நிக்கிற வரைக்கும் பாயில திரும்ப முடியாது. அதனால கிளம்புறதை மார்ச் கடைசிக்குத் தள்ளுங்க. அப்ப வாடை ஓஞ்சு மெலிசா இருக்கும், போறதுக்குப் போதும். ஏப்ரல்ல தென்கிழக்கும் தெற்கும் திரும்பினதும் நாகைக்கு வந்துரலாம். இடையில ரெண்டு வாரத்துக்கு மேல அங்க கிடக்கணும், செலவுல சேத்துக்கிடுங்க. ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு இழுவலை இருக்காது. திரும்பி வர்ற ராத்திரிக்கு அது பெரிய நிம்மதி.
நாகையில இருந்து கோடியக்கரை வரைக்கும் விடியக்காலம் கரைக்காத்துல இறங்கணும். முனையை ஒட்டி வெட்டக் கூடாது, மணல் திட்டு. முனை தாண்டிட்டா தென்கிழக்கு விலாவுல வரும், தொண்டி வரைக்கும் ஓட்டம்தான்.

தொண்டி பாய், 7:52
அப்ப தொண்டி கடைசித் துறை. வரவேற்பு எங்க பொறுப்பு. நாட்டுப்படகு வலைக்குத் தடை கிடையாது, மிதவையில பாதிக்கு விளக்கு இருக்காது. சுக்கான்ல சுத்துனா இறங்கித்தான் அறுக்கணும். இருட்டினா நங்கூரம் போட்டுருங்க.

தேவகோட்டை அண்ணன், 8:05
காகிதமும் அதுக்குத் தோதாத்தான் இருக்கு. தொண்டியில குடியேற்றச் சோதனை கிடையாது. நாகையில இருக்கு, 2023 அக்டோபர்ல காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் விட்ட துறை. போகும்போதும் வரும்போதும் அங்கதான் முத்திரை. 12 பேருக்கும் பாஸ்போர்ட் ஆறு மாசத்துக்கு மேல செல்லணும். ஆள் பட்டியலும் தோணிப் பதிவும் முதல்லயே ஏஜென்ட் கையில போயிரணும்.

பள்ளத்தூர் தம்பி, 8:12
பாம்பன் புதுப் பாலத்துல பாய்மரம் தட்டாதாண்ணே?

தண்டல் அண்ணாச்சி, 8:20
தட்டாது தம்பி. தூக்குற பாகம் 72.5 மீட்டர் அகலம், 17 மீட்டர் மேல போகும். நம்ம மரம் தண்ணிமட்டத்துல இருந்து 13தான். பயமெல்லாம் பாலத்துக்கு அடியில நீரோட்டம். துறைமுக ஆபீஸ்ல எழுதிக் கொடுத்துட்டு, அவங்க சொல்ற நேரத்துக்கு மத்த படகோட வரிசையில போகணும்.

கண்டனூர் மாப்பிள்ளை, 8:26
என்ஜின் இல்லாமப் போனாத்தானே பழைய காலப் பயணம் 😐 வல்வெட்டித்துறையில கட்டின அன்னபூரணி 1938-ல அமெரிக்கா குளோஸ்டர் வரைக்கும் போச்சு. நாம 60 மைலுக்கு 45 குதிரை என்ஜினா?

தேவகோட்டை அண்ணன், 8:33
மாப்பிள்ளை, கடல் எல்லையைத் தாண்டுறோம். காத்து நின்னுபோய் நீவாடு (கடல் நீரோட்டம்) இழுத்துட்டுப் போனா, மீன்பிடிப் படகுன்னு நினைச்சு மறிப்பாங்க. என்ஜின் இருக்கும், எல்லைகிட்ட ஆபத்துன்னாத்தான் போடுவோம். மணிக்கு 8 லிட்டர் டீசல். கையிருப்பு 220.
மரத் தோணி ரேடார்ல சரியாத் தெரியாது. பாய்மர உச்சியில ரேடார் பிரதிபலிப்பான், நாம இருக்கிற இடத்தை மத்த கப்பலுக்குச் சொல்ற ஏ.ஐ.எஸ். கருவி, அவசரத்துக்குக் கூப்பிட வி.எச்.எப். ரேடியோ 16-ஆம் சேனல், எல்லாம் கட்டாயம். கடலோரக் காவல் படை 1554 எல்லார் போன்லயும் இருக்கட்டும்.

பள்ளத்தூர் தம்பி, 8:41
தோணி கவிழாம அடியில போடுற அடிபாரத்துக்கு ஆத்தங்குடித் தரைக் கல்லு போடலாமா? வீட்டுல உடைஞ்சது நிறையக் கிடக்கு 😂

தண்டல் அண்ணாச்சி, 8:55
சிரிச்சுட்டுப் போகாதீங்க, இதுதான் முக்கியம். மொத்த எடை 23 டன், அதுல அடிபாரம் ஆறரை. காரைக்கல்லு உரசி உரசித் தூளாகும், அந்தச் சேறு பம்பு வாயை அடைக்கும். உதிரி மணலும் அப்படித்தான், சாஞ்சா ஒரு பக்கமா ஓடும், தோணி நிமிராது. அதனால மணலை 25 கிலோ மூட்டையா 260, ரெட்டைச் சாக்குல கட்டணும். நடு ஏராவுக்கு (அடிக்கட்டைக்கு) ரெண்டு பக்கமும் அடுக்கி, மேல பலகை போட்டு ஆப்பு அடிக்கணும். வங்குக்கு (விலாக்கட்டைக்கு) நடுவுல தண்ணி ஓடுற வாய்க்காலை மறைச்சுராதீங்க.
அப்புறம் சாய்வுச் சோதனை. காத்தில்லாத காலையில, கட்டுக்கயித்தைத் தளர்த்திட்டு, 300 கிலோவை நடுவுல இருந்து ஒன்றரை மீட்டர் ஓரத்துக்கு நகத்தணும். 2 மீட்டர் நூல்ல தொங்குற தூக்குக்குண்டு 4 சென்டிமீட்டர் விலகினா, சாஞ்ச தோணி நிமிர்ற பலத்தைக் காட்டுற கணக்கு கிட்டத்தட்ட 1 மீட்டர் வரும், திருப்தி. 8 விலகினா அது பாதியாயிரும், பாய் ஏத்தக் கூடாது. பாரத்தைக் கூட்டணும், இல்ல பருமலைக் குறைக்கணும்.

தொண்டி பாய், 9:02
கலப்பத்து (பலகை இடுக்கை அடைக்கிற) ஆளுகிட்டயும் சொல்லுங்க. வெயில்ல காஞ்ச பலகையில பஞ்சை இறுக்கி அடிச்சுட்டா, தண்ணியில ஊறி விரியும்போது ஆணியைப் பிதுக்கிரும். அளவா அடிச்சு, குங்கிலியம் பூசி, தண்ணியில இறக்கி ஒரு வாரம் போடணும். முதல் ரெண்டு நாள் ஒழுகத்தான் செய்யும், பதறாதீங்க.

வள்ளி ஆச்சி, 9:30
எல்லாம் படிச்சேன். சாப்பாட்டை யாரும் பேசலையே? புளியோதரை, மாவத்தல், நார்த்தங்காய், இஞ்சி மொரப்பா நான் கட்டித் தாரேன். தண்ணி எவ்வளவுன்னு கணக்குப் போட்டீங்களா?

தேவகோட்டை அண்ணன், 9:36
ஆளுக்கு நாளைக்கு 4 லிட்டர், 12 பேர், 5 நாள்: 240 லிட்டர் ஆச்சி. ரெட்டிப்பா எடுக்குறோம், 20 லிட்டர் கேன் 24. துறைக்குத் துறை நிரப்பிக்குவோம். கேனையும் கட்டித்தான் வைக்கணும், ஆடினா ஒரு கேன் 20 கிலோ.

வள்ளி ஆச்சி, 9:39
அடுப்பு?

தண்டல் அண்ணாச்சி, 9:44
மணல் பெட்டி மேல கரி அடுப்பு, பின்தளத்துல. காஸ் சிலிண்டரை உள்ளே இறக்கவே கூடாது ஆச்சி. ஒழுகினா காத்தை விடக் கனம், அடியில போய்த் தேங்கி நிக்கும், ஒரு பொறி போதும்.

வள்ளி ஆச்சி, 9:46
சரி, கரி நான் சொல்லி வைக்கிறேன். மொரப்பா எத்தனை கிலோ?

பள்ளத்தூர் தம்பி, 9:47
முதல் தடவை கடல்ல வர்றவங்க 7 பேர் ஆச்சி. அந்தக் கணக்குல கட்டுங்க 🤢

தேவகோட்டை அண்ணன், 9:58
அப்ப நாகையில ஆரம்பம், தொண்டியில முடிவு. மாப்பிள்ளை, பாய்க் கித்தான் 90 சதுர மீட்டருக்குத் தச்சு வந்திருச்சா? பருத்தி, ஈரத்தோட மடிச்சு வச்சா பூஞ்சை பிடிச்சுரும். இன்னைக்கே பிரிச்சுக் காயப்போட்டு போட்டோ அனுப்பு.

கண்டனூர் மாப்பிள்ளை, 10:03
வளவுல விரிச்சா இடம் பத்தலைண்ணே. மாடியில போடுறேன்.