உதவி தேவை: உருண்டைக் கள்ளியின் நுனி வெளுத்து நீள்கிறது, அடிப்பக்கம் மெத்தென்று ஆகிறது

கேள்வி (பள்ளத்தூர்)

வணக்கம். கள்ளி வளர்ப்பது எனக்குப் புதிது. வீட்டுக்குள்ளேயே வைக்கலாம் என்று நர்சரியில் சொல்லிக் கொடுத்தார்கள். வாங்கும்போது கைக்குள் அடங்கும் உருண்டை, நல்ல பச்சை. இப்போது மேல்பாதி கூம்பாக நீண்டு வெளிறிப்போயிருக்கிறது. அந்த இடத்தில் முள்ளும் மெலிந்து, இடைவெளி விட்டு வருகிறது. மண்ணை ஒட்டி ஒரு பக்கம் பழுப்பு; விரலால் அழுத்தினால் உள்ளே போகிறது.

எங்களுடையது பழைய வீடு. செடி பட்டாலையில், அதாவது உள்கூடத்தில், அலமாரி மேல் இருக்கிறது. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் வாங்கிய பழைய எனாமல் சட்டிக்குள் நர்சரித் தொட்டியை அப்படியே இறக்கி வைத்திருக்கிறோம். வாரம் ஒரு முறை அரை டம்ளர் தண்ணீர்தான். பக்கத்தில் சிவப்புத் தலை வைத்த குட்டிக் கள்ளி ஒன்றும் உண்டு, அது நன்றாக இருக்கிறது. அம்மாவுக்கு இந்த உருண்டைக் கள்ளி ரொம்பப் பிடிக்கும். காப்பாற்ற வழி சொல்லுங்கள்.

பதில் (காரைக்குடி, மாடித்தோட்டம்)

தம்பி, தொட்டியைச் சட்டியிலிருந்து தூக்கிப் பார்த்துவிட்டு, அடியில் என்ன இருக்கிறது என்று சொல்லுங்கள். பழுப்பு இடம் மரப்பட்டை மாதிரி கெட்டியாக இருந்தால் வயதான கள்ளிக்கு இயல்பு, பயமில்லை. மெத்தென்று உள்வாங்குகிறது என்கிறீர்கள், அதுதான் கவலையாக இருக்கிறது.

கேட்டவர்

பார்த்தேன் ஆச்சி. சட்டியின் அடியில் தண்ணீர் தேங்கிக் கிடக்கிறது. தொட்டியின் ஓட்டை வழியாக வெளியே வந்த வேர் கறுத்திருக்கிறது. மேல்மண் காய்ந்து பொலபொலவென்று இருக்கிறது, ஆனால் உள்ளே தென்னை நார்த்தூள் கட்டியாக இருக்கிறது. பிழிந்தால் தண்ணீர் சொட்டுகிறது. புளித்த வாடையும் அடிக்கிறது.

பதில் (காரைக்குடி, மாடித்தோட்டம்)

சரி, அடியில் அழுகல் பிடித்திருக்கிறது. ஆனாலும் மேல்பகுதி கெட்டியாக இருக்கும்வரை பிழைக்க வைக்கலாம். இன்றைக்கே செய்யுங்கள்.

கூரான கத்தியை ஸ்பிரிட்டில் துடைத்து, பழுப்புக்கு மேலே குறுக்காக ஒரே வெட்டு. வெட்டிய முகத்தைப் பாருங்கள். நடுவில் ஒரு வளையம் தெரியும். அதில் பழுப்போ செம்புள்ளியோ இருந்தால் கத்தியைத் திரும்பத் துடைத்து இன்னும் கொஞ்சம் மேலே வெட்டுங்கள். முகம் முழுக்க ஒரே வெளிர்பச்சையாக வரும்வரை விடாதீர்கள். பிறகு வெட்டு முகம் கீழே இருக்கும்படி ஒரு காலி டம்ளர் வாயில் உட்கார வையுங்கள், அடியில் காற்று படும். நிழலில் இரண்டு வாரம். முகம் நன்றாகக் காய்ந்து தோல் கட்ட வேண்டும். ஈரக் காயத்தோடு மண்ணில் வைத்தால் மறுபடியும் அழுகும்.

அதற்குள் மண் தயார் செய்துகொள்ளலாம். பழைய வீடு என்றால் கொல்லையில் உடைந்த நாட்டு ஓடு கிடக்கும். அதைப் பட்டாணி அளவுக்கு உடைத்து, தூசியைச் சலித்து எறிந்துவிடுங்கள். ஓட்டுத்துண்டும் கழுவிய பருமணலும் சேர்ந்து மூன்று பங்கு என்றால் செம்மண் ஒரு பங்கு போதும். நார்த்தூள் வேண்டாம். தொட்டி, அடியில் ஓட்டை உள்ள சின்ன மண் தொட்டி. எனாமல் சட்டியில் அம்மா வெற்றிலை வைத்துக்கொள்ளட்டும்.

பதில் (தேவகோட்டை)

எங்கள் கொல்லை வேலியில் சதுரக்கள்ளி மழையிலும் வெயிலிலும் தானாக வளர்கிறது. இந்தக் கள்ளிக்கு மட்டும் ஏன் இவ்வளவு பக்குவம்?

பதில் (கானாடுகாத்தான்)

அண்ணே, சதுரக்கள்ளியை ஒடித்தால் பால் வரும். திருகுக்கள்ளியும் அப்படித்தான். அந்தப் பால் கண்ணில் பட்டால் ஆபத்து, குழந்தைகள் இருக்கும் வீட்டில் கவனம். அவை இரண்டும் இந்த உருண்டைக் கள்ளியின் குடும்பமே இல்லை. நாம் பார்ப்பதில் சப்பாத்திக்கள்ளிதான் இந்த உருண்டைக்குச் சொந்தம். அதன் பூர்வீகம் அமெரிக்கக் கண்டம். அதுவும் வெட்டவெளியில் வளர்வது, பட்டாலையில் இல்லை.

தம்பி, வெளிச்சத்தைப் பற்றி நான் சொல்கிறேன். நுனி நீண்டதற்கு உரக்குறைவு காரணமில்லை, வெளிச்சம் தேடித்தான் நீள்கிறது. பட்டாலையில் நமக்குப் பேப்பர் படிக்க வெளிச்சம் போதும், கள்ளிக்குப் பற்றாது. கள்ளி பகலில் தோலில் உள்ள துளைகளை மூடிக்கொண்டு, ராத்திரி குளிர்ச்சியில் திறந்து காற்றை வாங்கும். நீரை மிச்சம் பிடிக்கத்தான் இந்த ஏற்பாடு. வெளிச்சமும் குறைந்தால் வளர்ச்சியே மந்தம், குடிக்கிற தண்ணீர் இன்னும் குறையும். அதனால் அரை டம்ளர் அதிகமா குறைவா என்று அளவை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. வெளிச்சத்தில், ஓட்டுத்துண்டு மண்ணில் இருந்தால் அதே அரை டம்ளர் ஒன்றும் செய்யாது.

வளவில், அதாவது நடு முற்றத்தில், மேற்குப் பக்கத் தாழ்வாரத்தின் விளிம்புதான் நல்ல இடம். காலை வெயில் கிழக்கேயிருந்து அங்கேதான் விழும், உச்சி வெயிலைக் கூரை தடுத்துவிடும். சாரல் எட்டாத அளவுக்கு மட்டும் உள்ளே தள்ளி வையுங்கள். வேர் பிடித்த பிறகு, முதலில் கொஞ்ச நேர வெயில், அப்புறம் கூட்டிக்கொண்டே போகலாம். நேராக வெயிலில் தூக்கி வைத்தால் தோல் வெந்து வெள்ளைத் தழும்பு விழும், அது மாறாது. நீண்டுபோன பகுதியும் பழையபடி உருண்டையாகாது. இனி வரும் வளர்ச்சிதான் தடித்து வரும்.

சிவப்புத் தலையையும் சட்டியில் வைத்திருந்தால் இப்போதே எடுத்துவிடுங்கள். அது ஒட்டுச்செடி. சிவப்புத் தலையில் பச்சையமே கிடையாது, கீழே இருக்கும் பச்சைத் தண்டுதான் அதற்குச் சோறு போடுகிறது. அந்தத் தண்டு டிராகன் பழக் கொடியின் இனம். கடும் வெயில் வேண்டாம், பிரகாசமான நிழல் போதும். நன்றாகப் பார்த்துக்கொண்டாலும் சில வருடம்தான் ஒட்டு தாங்கும், அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கேட்டவர்

வெட்டிவிட்டேன். மூன்றாவது வெட்டில்தான் முகம் சுத்தமாக வந்தது. பாதிச் செடி மிச்சம், டம்ளர் மேல் இருக்கிறது. மண்ணில் வைத்ததும் தண்ணீர் ஊற்றலாமா?

பதில் (காரைக்குடி, மாடித்தோட்டம்)

வேண்டாம் தம்பி. காய்ந்த மண்ணின் மேல் சும்மா உட்கார வையுங்கள், புதைக்காதீர்கள். சில வாரம் கழித்து லேசாக அசைத்தால் பிடிமானம் தெரியும், அதுதான் வேர். அப்போது முதல் தண்ணீர், அடி ஓட்டை வழியாக வடியும்வரை. அடுத்த தண்ணீருக்கு ஊதுபத்திக் குச்சியை அடிவரை செருகி எடுத்துப் பாருங்கள். மண் ஒட்டாமல் காய்ந்து வந்தால் மட்டும் ஊற்றலாம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அந்தக் குச்சி பல நாள் ஈரமாகவே வரும். அதுவரைக்கும் ஒரு சொட்டும் வேண்டாம்.